உறுமும் மோட்டாரை உடனே நிறுத்துங்கள்

விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிவிட்டுப் போய் ஒன்றரை மாதம் கழித்துத் திரும்புகிறோம். மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற சுவிட்சைப் போட்டால் 'உம்ம்' என்று உறுமல் மட்டும் வருகிறது. 'கொஞ்ச நேரத்தில் எடுத்துவிடும்' என்று காத்திருந்தால் அடுத்து வருவது காயில் கருகும் வாடைதான். மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்த அரை எச்.பி. மோனோபிளாக் மோட்டார்களில் பல ஓடித் தேய்ந்து வீணாவதில்லை. சும்மா கிடந்த பிறகு இப்படி உறுமும் ஓரிரு நிமிடங்களில்தான் எரிந்துபோகின்றன.

சிங்கிள் பேஸ் மின்சாரம் ஒரே ஒரு காயிலில் பாய்ந்தால் அதன் காந்தப்புலம் சுழலாது, ஒரே கோட்டில் முன்னும் பின்னுமாக ஆடும். எந்தப் பக்கம் திரும்புவது என்ற தள்ளல், நடுவில் சுழலும் பாகமான ரோட்டருக்குக் கிடைக்காது. அதற்காகத்தான் ஸ்டார்ட்டிங் காயில் என்று இன்னொன்றைச் சுற்றி, அதனுடன் மின்சாரத்தைச் சேர்த்துவைத்து விடும் கண்டென்சரைச் சேர்க்கிறார்கள். கண்டென்சர் அந்தக் காயிலின் மின்னோட்டத்தைச் சற்று முந்தவைக்கிறது. இரண்டு காயில்களும் ஒன்றன்பின் ஒன்றாக இழுப்பதால் புலம் சுழல்கிறது, ரோட்டரும் கூடவே நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,800 சுற்றுக்கு ஏறுகிறது.

ரோட்டர் நகராமல் நின்றால் வழக்கத்தைப் போல ஐந்து, ஆறு மடங்கு மின்னோட்டம் பாயும். காயிலில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஐந்து மடங்கு மின்னோட்டம் என்றால் சூடு இருபத்தைந்து மடங்கு. காற்றடிக்கும் ஃபேனும் ரோட்டரின் தண்டான அதே ஷாஃப்டில்தான் இருக்கிறது, அதுவும் நின்றுபோயிருக்கும். செம்புக் கம்பியின் எனாமல் இளகிச் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள அதிக நேரம் ஆகாது.

ரோட்டர் ஏன் நகரவில்லை? பம்பில் சுழன்று தண்ணீரைத் தள்ளும் பித்தளை இம்பெல்லருக்கும் வார்ப்பிரும்புக் கூட்டுக்கும் நடுவே தாள் நுழையும் அளவுதான் இடைவெளி. தேங்கிய தண்ணீரால் ஏறிய துருவும் போர்வெல் தண்ணீரின் உப்பும் அந்த இடத்தை அடைத்துப் பிடித்துக்கொள்ளும். மெயினை அணைத்து, பின்பக்க ஃபேன் மூடியைக் கழற்றி, ஷாஃப்டைக் கையால் இரு பக்கமும் மெல்ல ஆட்டினாலே பெரும்பாலும் விட்டுவிடும். மின்சாரம் இருக்கும்போது ஃபேனைத் தள்ளிவிட்டு ஓடவைக்கும் பழக்கம் விரலைக் கொண்டுபோய்விடும்.

ஷாஃப்ட் கையால் லேசாகச் சுற்றியும் மோட்டார் உறுமினால் முதலில் கண்டென்சரைச் சந்தேகிக்க வேண்டும். இணைப்பைப் பிரித்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். குண்டு பல்பு மாட்டிய ஹோல்டரின் இரு வயர்களையும் அதன் முனைகளில் தொடவைத்து இறக்கிவிட்டுத்தான் தொடலாம். 10 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டதை மீட்டர் 7 என்று காட்டினால் மாற்றிவிடுங்கள். அதே மதிப்பு, 440 வோல்ட் தாங்குவதாகப் போடவும். 'இழுவை வரட்டும்' என்று பெரிய கண்டென்சர் போடுவது தவறு. இந்த வகை மோட்டாரில் ஸ்டார்ட்டிங் காயில் எப்போதும் இணைப்பிலேயே இருப்பதால், கூடுதல் மின்னோட்டத்தில் அதுதான் முதலில் கருகும்.

கழற்றி எடுத்துவைப்பதாக இருந்தால், அடித்திருகைத் திறந்து தண்ணீரை முழுக்க வடித்துவிட்டுப் பலகைமேல் வையுங்கள். பாலிதீனில் இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்க்கும், பருத்தித் துணி போதும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஷாஃப்டைச் சுற்றிவிடவும். தூக்கும்போது வயரைப் பிடிக்கக் கூடாது, டெர்மினலில் இணைப்பு அறுந்துவிடும்.

மழைக்காலம் முழுக்கக் கிடந்த மோட்டாரை, மின்காப்பை அளக்கும் கருவியான 500 வோல்ட் மெக்கரால் சோதிப்பது நல்லது. காயிலுக்கும் பாடிக்கும் இடையே 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் ஈரம் ஏறியிருக்கிறது என்று கொள்ளலாம். வெயிலிலோ, பக்கத்தில் 100 வாட் குண்டு பல்பு எரியவைத்தோ ஒரு நாள் உலர்த்தி, மறுபடி அளக்க வேண்டும்.

மாட்டும்போது எர்த் வயரும், 30 மில்லிஆம்பியர் மின்கசிவில் விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் கட்டாயம். பம்பில் தண்ணீர் ஊற்றி நிரப்பிய பிறகே போடவும். ஷாஃப்ட் வழியே தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீலில் உள்ள கார்பனும் பீங்கானும் தண்ணீர்ப் படலத்தின்மேல்தான் உரசுகின்றன, வெறுமனே ஓடினால் சூடேறி விரிசல் விடும். முதல் தடவை போடும்போது கையைச் சுவிட்சிலேயே வைத்திருங்கள். மூன்று விநாடிக்குள் உறுமல் மாறி ஓடும் இரைச்சல் வராவிட்டால் அணைத்துவிடுங்கள்.