கொமிசேர்: சொல்லும் பொருளும்

டிராக் சைக்கிள் பந்தயத்தை மேற்பார்வையிடும் அலுவலருக்கு உலகெங்கும் வழங்கும் பெயர் ‘கொமிசேர்’. இது பிரெஞ்சுச் சொல். 1900-இல் பாரிசில் தொடங்கப்பட்ட உலக சைக்கிள் ஒன்றியத்தின் விதிநூல்களில் பிரெஞ்சு வழக்குகள் மிகுதியாக இடம்பெற்றதால், பிற மொழியினரும் அதை மாற்றாமல் எடுத்துக்கொண்டனர்.

‘ஒருவரிடம் ஒன்றை ஒப்படைத்தல்’ என்னும் பொருளுடைய ‘கொமிட்டெரே’ என்ற இலத்தீன் வினையே இதன் வேர். அதிலிருந்து ‘கொமிசாரியுஸ்’, அதாவது பணி ஒப்படைக்கப்பட்டவர், என்ற பெயர் பிறந்தது. நாம் நன்கறிந்த ‘கமிஷனர்’, ‘கமிட்டி’ ஆகியவையும் இவ்வேரின் கிளைகளே. ஆகவே கொமிசேர் தன்னளவில் அதிகாரம் உடையவர் அல்லர். தன்னை அமர்த்திய அமைப்பின் அதிகாரத்தைப் பந்தய நாளில் ஏந்தி நிற்பவர்.

பந்தயம் நடக்கும் முறையைப் பார்த்தால் இப்பொருள் தெளிவாகும். வட்டாரச் சைக்கிள் சங்கம் தேசியச் சம்மேளனத்தின் கீழும், சம்மேளனம் உலக ஒன்றியத்தின் கீழும் இயங்குகின்றன. வெலோட்ரோமை, அதாவது சரிந்த வளைவுகள் கொண்ட சைக்கிள் பந்தய ஓடுதளத்தை, ஏற்பாடு செய்வதும் நிகழ்ச்சி நிரலை வகுப்பதும் பந்தயத்தை நடத்துவோரின் வேலை. விதி காக்கப்படுகிறதா என்று பார்ப்பது கொமிசேர் குழுவின் வேலை. நடத்துபவரே தீர்ப்பும் சொன்னால் தோற்றவருக்கு நம்பிக்கை வராது என்பதால், இந்தப் பிரிவினையை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். குழுவுக்கு ஒரு தலைவர் உண்டு. தொடக்கத் துப்பாக்கியை இயக்குபவர் ஒருவர், இறுதிக்கோட்டில் வரிசையைக் குறிப்பவர் ஒருவர், ஓட்டுநர்களின் நடத்தையை மட்டுமே கவனிப்பவர் ஒருவர் எனப் பணி பிரிகிறது. பிரேக் இல்லாத, ஒற்றைக் கியர் பூட்டிய வண்டிகள் சரிந்த வளைவில் உரசிக்கொள்ளும் தொலைவில் பாய்வதால், நடத்தையைக் கவனிப்பவரின் பொறுப்பே மிகக் கடுமையானது. குறுந்தூர வேகப் போட்டியான ஸ்பிரிண்ட் பந்தயத்தின் கடைசி 200 மீட்டரில், ஓடுதளத்தின் நீளத்தைக் குறிக்கும் கறுப்பு அளவுக்கோட்டுக்கும் அதற்கு வெளியே உள்ள சிவப்புக் கோட்டுக்கும் இடைப்பட்ட பாதையில் முன்செல்பவரை விதியை மீறி உட்புறமாக முந்த எதிராளி முயன்றாரா என்பதை அவர் கணநேரத்தில் தீர்மானிக்க வேண்டும். மஞ்சள் கொடி எச்சரிக்கை. சிவப்புக் கொடி தகுதி நீக்கம்.

இனி, இதற்குத் தமிழ் எது? ‘ஆணையர்’ வேர்வழியில் நெருங்கியதுதான். எனினும் அச்சொல் மாநகராட்சியையும் தேர்தலையும் நினைவூட்டுவதோடு, கட்டளையிடுபவர் என்ற சாயலையும் தருகிறது. ‘கண்காணி’ சோழர் கல்வெட்டுகளிலேயே வழங்கும் அருமையான சொல். ஆனால் ‘கங்காணி’ எனத் திரிந்து தோட்டக் கூலிகளின் துயரத்தைச் சுமந்துவிட்டதால் அதை இங்கே கொண்டுவர மனம் ஒப்பவில்லை. ‘பொறுப்பு அலுவலர்’ என்றால், நிலையானவர் வரும்வரை பணியைப் பார்ப்பவர் என்றே பலர் கொள்வர்.

‘நடுவர்’ என்பதில் ஒப்படைப்புப் பொருள் இல்லை. ஆயினும் ஒருபால் சாயாமை என்ற இப்பணியின் உயிர்நிலை அதில் இருக்கிறது. ‘பந்தய நடுவர்’ என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். குழுவை ‘நடுவர் குழு’ என்றும், உறுப்பினர்களைத் ‘தொடக்க நடுவர்’, ‘இறுதிக்கோட்டு நடுவர்’, ‘நடத்தை நடுவர்’ என்றும் வழங்கலாம். அமர்த்திய அமைப்பையும் குறிக்க வேண்டிய இடத்தில் ‘சங்கத்தின் பந்தய நடுவர்’ என்று எழுதினால், மூலச்சொல்லில் உள்ள ஒப்படைப்புப் பொருளும் தமிழுக்கு வந்துவிடும்.