ஸ்டட்டர்: திக்கலா, அடுக்கா?

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு எழுத்தோ ஒரு டிரம் அடியோ அதே இடத்தில் நின்று 'த-த-த-த' என்று அடித்துவிட்டு மறுபடி நகர்வதைக் கேட்டிருப்பீர்கள். ஒலிப்பதிவுக்காரர்கள் இதை ஸ்டட்டர் என்பார்கள். ஆபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளில் இதைச் செய்யும் கருவிக்கு பீட் ரிப்பீட் என்று பெயர். ஓடுகிற ஒலியில் ஒரு துண்டைப் பிடித்து, அதையே திரும்பத் திரும்ப ஒலிக்க வைப்பதுதான் வேலை.

ஸ்டட்டர் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் திக்கிப் பேசுதல் என்று பொருள். இடித்தல், மோதுதல் என்று பொருள்படும் ஷ்டோசன் என்ற ஜெர்மன் வினைக்கு இது உறவு. பேச்சு முட்டி முட்டி நிற்கிறது என்பதுதான் உள்ளே இருக்கும் கருத்து.

பெயரைவிடச் செயல் பழையது. 1948இல் பாரிஸ் வானொலியில் பியர் ஷேஃபர் என்ற பொறியாளர், இசைத்தட்டின் பள்ளத்தைச் சுருளாக விடாமல் வட்டமாக மூடி, ஒரே துண்டு ஒலியைச் சுழலவிட்டார். 78 சுற்றுத் தட்டில் ஒரு சுற்று ஏறக்குறைய முக்கால் நொடி. நம் ஊரில் 'கீறல் விழுந்த ரெக்கார்டு' என்கிறோமே, அதையே அவர் வேண்டுமென்று செய்தார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'திக்கல்' என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. திக்கல் ஒருவர் விரும்பாமல் வருவது, தாளத்துக்குள் அடங்காதது. ஒருவரின் சிரமத்தை ஒரு பொத்தானுக்குப் பெயராக வைப்பதும் மனதுக்கு ஒப்பவில்லை. 'எதிரொலி'யும் பொருந்தாது, அது டிலே என்ற வேறு கருவிக்கு உரியது. எதிரொலியில் பாட்டு நிற்காமல் போகும், நிழல்தான் பின்னால் வரும்.

நம் இலக்கணத்திலேயே சொல் இருக்கிறது: அடுக்கு. 'சலசல' இரட்டைக்கிளவி, பிரித்தால் 'சல' தனியாக நிற்காது. 'வா வா வா' அடுக்குத்தொடர். ஒரு 'வா'வும் தனியே பொருள் தரும். நாம் பிடிக்கும் ஒலித்துண்டும் தனியாக ஒலிக்கக்கூடியதுதான். அதனால் இதை 'அடுக்கொலி' என்கிறேன். இசையை நிறைக்க வரும் அடுக்கு நான்கைத் தாண்டாது என்று தொல்காப்பியம் எல்லை வைத்திருப்பது, இந்தக் கருவியைத் திருகும்போதெல்லாம் என் நினைவுக்கு வரும்.

அப்புறம் அதன் திருகிகள். இன்டர்வல் என்பது எத்தனை நேரத்துக்கு ஒரு முறை துண்டைப் பிடிக்க வேண்டும் என்பது, 'இடைவெளி' போதும். சான்ஸ் 'வாய்ப்பு', நூறு விழுக்காடு வைத்தால் ஒவ்வொரு முறையும் பிடிக்கும். டிகே 'தேய்வு', அடுக்க அடுக்க ஒலி மெலிவது. கேட் என்பதை 'வாசல்' என்று பெயர்த்தால் ஒன்றும் புரியாது. அடுக்கு மொத்தம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதால் 'நீளம்' என்பதே தெளிவு. ஆஃப்செட்டுக்குக் கர்நாடக இசையில் அழகான சொல் உண்டு: எடுப்பு. தாளத்தின் தொடக்கத்திலிருந்து எவ்வளவு தள்ளி எடுக்கிறோம் என்பதுதானே அது!

கிரிட் என்பது 'துண்டளவு'. இதில்தான் கை நிதானமாக இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில், ஒரு பாரில் (நான்கு அடிச் சுற்று) பதினாறில் ஒன்று என்று வைத்தால் ஒரு துண்டு 125 மில்லிநொடி. ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழும். அறுபத்துநான்கில் ஒன்று என்று வைத்தால் 31 மில்லிநொடிதான். நொடிக்கு 32 முறை திரும்புவதால் அடுக்கு மறைந்து வண்டு ரீங்காரம் போல ஆகிவிடும்.

முதல் முறை தொடுகிறவர்கள் இடைவெளியை ஒரு பார், எடுப்பைப் பதினாறில் பன்னிரண்டு, துண்டளவைப் பதினாறில் ஒன்று, நீளத்தைப் பதினாறில் நான்கு, வாய்ப்பை நூறு என்று வைத்துப் பாருங்கள். நாலாவது அடியில் துண்டு பிடிபடும், நான்கு முறை அடுக்கும், அடுத்த பாரின் முதல் அடியில் பாட்டு சரியாகச் சமத்தில் வந்து இறங்கும்.