ஓடி முடித்ததும் உட்காராதீர்கள்

ஓடி முடித்ததும் மயங்கி விழுந்து என் கிளினிக்குக்கு வந்தவர்களில், இந்த மாதம் இவர் மூன்றாவது ஆள். 46 வயது, தினமும் காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றுபவர். கடைசிச் சுற்றை மட்டும் முழு வேகத்தில் ஓடியிருக்கிறார். கூட வந்தவர்கள் "உக்காருங்கண்ணே" என்றதும் சுவரில் உட்கார்ந்தார். அடுத்த நிமிடம் மயக்கம், நெற்றியில் 4 தையல். சுகர் இறங்கிவிட்டது, வெறும் வயிறு, ஹார்ட் அட்டாக் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சுகர் 104. இசிஜியும் நார்மல்.

ஓடி வந்தவனை உட்கார வைக்கச் சொன்ன புண்ணியவான் யாரோ! கால் நின்றதும் எல்லாம் ஓய்வுக்குப் போய்விடும் என்று நினைக்கிறோம். போகாது. சும்மா இருக்கையில் நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தம் தள்ளும் இதயம், வேகமாக ஓடினால் 15, 20 லிட்டர்கூடத் தள்ளும். பெரும்பங்கு கால் தசைகளுக்குத்தான். அங்கே ரத்தக்குழாய்கள் விரிந்து கிடக்கும். போன ரத்தத்தை மேலே ஏற்றுவது கெண்டைக்கால் தசை, ஒவ்வோர் அடிக்கும் பிழிந்து பிழிந்து. சட்டென்று நின்றால் பிழிகிற வேலை நின்றுவிடும், குழாய்கள் மட்டும் விரிந்தபடியே இருக்கும். ரத்தம் காலில் தேங்கும். இதயம் எவ்வளவு அடித்தாலும் தள்ள ரத்தம் வந்தால்தானே? மூளைக்குப் போகிற ரத்தம் குறையும், மயக்கம் வரும். உட்கார்ந்தாலும் இதே கதைதான், கால் கீழேதானே தொங்குகிறது.

மூச்சு வாங்குவதற்குப் பயந்து, கொரோனாவில் வாங்கிய ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. நல்ல நுரையீரலென்றால் ஓடும்போதும் ஆக்சிஜன் பெரிதாக இறங்காது. மூச்சு வாங்கி, சேர்ந்த கரியமில வாயுவை உடம்பு வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். நின்ற பிறகும் கொஞ்ச நேரம் வாங்கத்தான் செய்யும்.

கடைசிச் சுற்றில் வீரம் வேண்டாம். வேகத்தைக் குறைத்து, ஐந்து பத்து நிமிடம் மெதுவாக நடந்து முடியுங்கள். மயங்கினவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள், வாயில் சோடா ஊற்றாதீர்கள். மல்லாக்கப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடியுங்கள். மூச்சில்லை என்றால் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

பிரஷருக்கு மெட்டோப்ரோலால், அட்டெனலால் போடுகிறவர்களே, உச்ச இதயத் துடிப்புக்கு 220-இல் வயதைக் கழிக்கும் கணக்கு உங்களுக்கில்லை. அந்த மாத்திரை துடிப்பை ஏறவிடாது. வாட்ச்சில் நம்பர் வரவில்லையே என்று விரட்டி ஓடாதீர்கள், தயவுசெய்து. பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிற வேகம் போதும்.

ஓடி முடித்தபின் விழுவது ஒரு ரகம். ஓடிக்கொண்டிருக்கும்போதே சுருண்டு விழுவதும், நெஞ்சில் பாரம் அழுத்துவதும் வேறு. எனக்கு வயிற்றைக் கலக்குவது அதுதான். அப்படி வந்தால் என்னைப் போன்ற தெருமுனை கிளினிக்கில் டோக்கன் போட்டு உட்காராதீர்கள். இதய சிகிச்சை வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள்.