அரித்மியாவுக்குப் படபடப்பு என்று எழுதாதீர்கள்

"படபடப்பைக் கண்டறியும் ஸ்மார்ட் வாட்ச்" என்ற வரியை இந்த மாதம் மூன்றாவது முறையாகப் படித்துவிட்டேன். அரித்மியாவை, அதாவது இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைவதைத்தான் அப்படி எழுதுகிறார்கள். இனியும் சும்மா இருக்க முடியாது.

அரித்மியா கிரேக்கத்திலிருந்து வந்த சொல். முன்னால் நிற்கும் 'அ' இன்மையைக் குறிக்கும், 'ரித்மோஸ்' என்றால் அளவோடு செல்லும் ஓட்டம். சொல்வரலாறு அவ்வளவுதான்.

படபடப்பு என்பது நமக்குத் தெரியும் ஓர் உணர்வு. தேர்வு முடிவு வரும்போது வரும், மாடிப்படியில் ஓடி ஏறினால் வரும். மருத்துவர்கள் அதற்குப் பால்பிட்டேஷன் என்று தனிச்சொல்லே வைத்திருக்கிறார்கள். அரித்மியாவோ இதயத்தின் மின்தூண்டலில் நடக்கும் கோளாறு. அது உணர்வாக வெளியே தெரியலாம், தெரியாமலும் போகலாம். அதில் ஒரு வகையான ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்குவது) இருக்கும் பலருக்கு ஒன்றுமே தெரிவதில்லை, ஆனால் இதயத்தின் இடது மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். உணர முடியாததைப் பிடிக்கத்தான் கையில் வாட்சே கட்டுகிறோம், அதைப் போய்ப் படபடப்பு என்று எழுதினால் எப்படி?

எங்கள் பெரியம்மாவின் வாட்ச் ஒருநாள் எச்சரித்தது. அதனோடு வந்த செயலியின் தமிழில் "படபடப்பு உள்ளது" என்று இருந்தது. "எனக்கு ஒரு படபடப்பும் இல்லையே, இது பொய் சொல்லுது" என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். ஈ.சி.ஜி. எடுக்க வைக்க எங்களுக்குப் பத்து நாள் ஆனது.

வாட்சின் அடியில் ஒரு பச்சை விளக்கு மினுங்குகிறதே, அந்த ஒளியை ரத்தம் உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் உறிஞ்சும் அளவு மாறும், அதை வைத்துத் துடிப்புக்கும் துடிப்புக்கும் உள்ள இடைவெளியை வாட்ச் கணக்கிடுகிறது. 2019இல் வெளியான ஆப்பிள் இதய ஆய்வில் 4,19,297 பேர் இருந்தார்கள், 2,161 பேருக்கு மட்டுமே எச்சரிக்கை போனது. அவர்களில் 450 பேர் மார்பில் ஒட்டும் ஈ.சி.ஜி. பட்டையை அணிந்து திருப்பி அனுப்பினார்கள், அதில் 34 விழுக்காட்டினருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பதிவானது. அது வந்து வந்து போகக்கூடியது என்பதால் பட்டையில் சிக்காதவர்களுக்கு இல்லவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. எப்படியானாலும் வாட்ச் பார்த்தது இடைவெளியை, யாருடைய பதற்றத்தையும் அல்ல.

சிலர் 'அதிவேகத் துடிப்பு' என்கிறார்கள். மிக மெதுவாகத் துடிப்பதும் அரித்மியாதானே! 'துடிப்பின்மை' என்றும் ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். இதயம் நின்றுவிட்டது என்றல்லவா பொருள் வரும்? நோயாளி படித்தால் என்ன ஆவார்? 'லயக்கேடு' பொருளில் சரி, ஆனால் கச்சேரி கேட்டுப் பழகாதவருக்கு எட்டாது.

சீரற்ற இதயத் துடிப்பு என்பதே என் தேர்வு, சுருக்கமாகத் துடிப்புச் சீரின்மை. 'சீரற்ற வானிலை' மாதிரி மொட்டையாக இருக்கிறது என்று நண்பர் ஒருவர் குறைசொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அசைகள் சேர்ந்து சீர், சீர்கள் தளையால் இணைந்து அடி என்று யாப்பில் படித்த அதே சீர்தான் இது, ரித்மோஸுக்கு இதைவிட நெருக்கமாக வேறென்ன இருக்கிறது?

அப்புறம், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு எழுதுகிறார்களே, அந்த 'ஏட்ரியல் குறு நடுக்கம்'. பாதியை மொழிபெயர்த்துப் பாதியை அப்படியே விட்டது ஏன்? ஏட்ரியம் மேலறை, அதன் தசைநார்கள் ஒன்றாகச் சுருங்காமல் ஆளுக்கொரு பக்கம் நடுங்குகின்றன. மேலறை நடுக்கம் என்று எழுதினால் பெரியம்மாவுக்கும் புரியும்.