டயஸ்போரா: ‘புலம்பெயர்ந்தோர்’ என்றால் போதுமா?

மூதாதையரின் மண்ணைவிட்டுப் பிற நாடுகளில் பரவி வாழும் மக்களைக் குறிக்கும் ‘டயஸ்போரா’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுத வேண்டி வந்தால் கை தானாகவே ‘புலம்பெயர்ந்தோர்’ என்று எழுதிவிடுகிறது. பல இடங்களில் அது பொருந்தவும் செய்கிறது. ஆனால் இனம், குடிபெயர்வு, அடையாளம் ஆகியவற்றை ஆராய்ந்த சமூகவியலாளர்களைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது இந்த மாற்றுச்சொல் அவர்களுடைய வாதத்தையே தலைகீழாக்கிவிடுகிறது. ஜமைக்காவில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த சமூகவியலாளர் ஸ்டூவர்ட் ஹாலின் எழுத்தில் இது நன்றாகத் தெரியும்.

முதலில் வேர். கிரேக்கத்தில் ‘ஸ்பெய்ரோ’ என்றால் விதைப்பது, தூவுவது. ‘டயா’ என்ற முன்னொட்டு சேர்ந்தால் நாலா பக்கமும் சிதற விடுவது. பூஞ்சையும் பெரணியும் காற்றில் விடும் நுண்துகளுக்கு ‘ஸ்போர்’ என்று பெயர் வந்ததும் இதே வேரிலிருந்துதான். ஆக, சொல்லுக்குள் இரண்டு பொருள் சேர்ந்தே இருக்கின்றன: சிதறிப்போவது ஒன்று, விழுந்த இடத்தில் முளைப்பது இன்னொன்று. பின்னால் வந்தவர்கள் இவற்றில் எதை அழுத்திச் சொன்னார்கள் என்பதைப் பொறுத்தே இந்தச் சொல்லின் வரலாறு நகர்ந்திருக்கிறது.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் யூத அறிஞர்கள் எபிரேய வேதத்தைக் கிரேக்கத்துக்கு மாற்றத் தொடங்கினார்கள். உபாகமம் 28-ஆம் அதிகாரத்தில், கட்டளையை மீறினால் பூமியின் எல்லா ராஜ்யங்களிலும் சிதறிப்போவீர்கள் என்று எச்சரிக்கும் இடத்தில் ‘டயஸ்போரா’வைப் போட்டார்கள். அங்கே அது தண்டனைச் சொல். பிறகு, ஊரைவிட்டு வெளியே வாழ்பவர்களையே குறிக்கும் பெயராகவும் அது ஆனது. புதிய ஏற்பாட்டில் யாக்கோபு தன் நிருபத்தை எழுதுவது ‘சிதறியிருக்கிற பன்னிரண்டு கோத்திரங்களுக்கும்’ என்று தமிழ் வேதாகமம் சொல்கிறதே, அந்தச் ‘சிதறியிருக்கிற’ என்பதற்கு மூலத்தில் இருப்பது டயஸ்போராதான். நாம் பல்கலைக்கழகம் வழியாக வந்த புதுச்சொல் என்று நினைக்கும் ஒன்று, தேவாலயத்தில் தமிழாகவே வாசிக்கப்பட்டு வந்திருக்கிறது.

அதன்பின் நெடுங்காலம் யூதர்களைப் பற்றிப் பேசும்போதுதான் இந்தச் சொல் வந்தது. கிரேக்கர்களுக்கும் ஆர்மீனியர்களுக்கும் பிறகு நீண்டது. 1960-களில் ஆப்பிரிக்க வரலாற்றை ஆராய்ந்தவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். அங்கேதான் சொல்லின் கனம் மாறியது. அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் சுமார் 1.25 கோடிப் பேர் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். உயிரோடு கரை சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 1.07 கோடி. அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளுக்குத் திரும்பிப் போக ஒரு குறிப்பிட்ட ஊர் இல்லை, பேச ஒரு குறிப்பிட்ட மூதாதை மொழி இல்லை. அப்படியிருந்தும் அவர்களை ஒரு டயஸ்போரா என்று சொல்ல முடியுமென்றால், அந்தச் சொல்லுக்கு அடிப்படையாக நாம் நினைத்திருந்த ‘தாயகம்’ என்னவாகிறது? இந்தக் கேள்வியைத்தான் ஹால் எடுத்துக்கொண்டார்.

ஹால் 1932-இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்தார். 1951-இல் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்போர்டு போனார், அப்புறம் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் பண்பாட்டு ஆய்வு மையத்தை வழிநடத்தினார். 1979 முதல் 1997 வரை திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியர். 2014-இல் மறைந்தார். அவர் இங்கிலாந்து போவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1948 ஜூன் 22 அன்று, ‘எம்பயர் விண்ட்ரஷ்’ கப்பல் கரீபியத் தீவுகளிலிருந்து நூற்றுக்கணக்கானவர்களோடு டில்பரி துறைமுகத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. அவர்கள் சட்டப்படி பிரிட்டிஷ் பிரஜைகள். பிரஜைகளாகவே வந்தவர்களை ‘குடியேறிகள்’ என்று அந்த நாடு அழைத்தது. 1962-இல் அவர்கள் வருவதைக் கட்டுப்படுத்தச் சட்டமும் கொண்டுவந்தது.

ஹால் தன் வாழ்க்கையிலிருந்து சொல்லும் ஒரு நிகழ்ச்சி இதைக் கண்முன் நிறுத்தும். 1960-களின் நடுவில் அவர் ஊருக்குப் போயிருக்கிறார். பெற்றோர் கவலையோடு கேட்கிறார்கள்: உன்னை அங்கே குடியேறி என்று யாரும் நினைத்துவிடவில்லையே? ஜமைக்காவின் நடுத்தர வர்க்கக் குடும்பம் அது. தோலின் நிற அடுக்குகளை நுணுக்கமாகப் பார்க்கும் வீடு. அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான், ஆமாம், நான் குடியேறிதான் என்று அவருக்குப் படுகிறது. அதுவரை அவர் படிக்கப் போனவர், பிறகு வேலையில் இருப்பவர். அப்படி ஒரு பெயர் தன்மேல் விழுந்திருக்கிறது என்று பெற்றோர் வாயால் கேட்டபோதுதான் தெரிந்தது. அடையாளம் உள்ளேயிருந்து மட்டும் வருவதில்லை, வெளியே தயாராக இருக்கும் பெயர்களில் ஒன்றுக்குள் நாம் போய் நிற்கிறோம் என்று அவர் பிற்காலத்தில் விரிவாக எழுதியதற்கெல்லாம் வித்து இதில் இருக்கிறது.

இன்னொன்றையும் அவர் கவனித்தார். அவருடைய சிறுவயது ஜமைக்காவில் ஏறக்குறைய எல்லோரும் ஏதோ ஒரு சாயலில் கறுப்பு அல்லது மாநிறம். ஆனால் தன்னையோ மற்றவரையோ ‘ஆப்பிரிக்கர்’ என்று சொல்லி ஒருவரைக்கூட அவர் கேட்டதில்லை. 1970-களில், உரிமைப் போராட்டங்களும், ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டாடும் ராஸ்தஃபாரி என்ற ஜமைக்கச் சமய இயக்கமும், ரெகே இசையும் பரவிய பிறகுதான் பெரும்பாலான ஜமைக்கர்கள் தங்களை அப்படிச் சொல்லிக்கொள்ள முடிந்தது. இரத்தத்தில் பல தலைமுறையாக இருந்தது, வாயில் வருவதற்கு ஒரு காலம் வர வேண்டியிருந்தது.

1990-இல் வெளியான ஒரு கட்டுரையில் ஹால் டயஸ்போராவுக்குத் தன் பொருளைத் தந்தார். என்ன விலை கொடுத்தாவது புனிதத் தாயகத்துக்குத் திரும்பியே தீர வேண்டும், அதற்காகப் பிறரைக் கடலில் தள்ளினாலும் சரி என்று நினைக்கும் சிதறுண்ட குலங்களைத் தான் சொல்லவில்லை என்று அதில் வெளிப்படையாக மறுக்கிறார். அவர் சொல்லும் டயஸ்போரா கலப்பில் வாழ்வது, வேற்றுமையோடு வாழ்வது, தன்னை ஓயாமல் புதிதாக உருவாக்கிக்கொள்வது. பண்பாட்டு அடையாளம் என்பது ‘இருப்பது’ மட்டுமல்ல, ‘ஆவதும்’தான் என்பது அவருடைய மையக் கருத்து. அதற்குக் கடந்த காலம் இருக்கிறது. ஆனால் வரலாறு உள்ள எல்லாவற்றையும் போல அதுவும் மாறிக்கொண்டே போகும்.

வேறு ஆய்வாளர்களும் இந்தச் சொல்லுக்கு எல்லை வகுக்க முயன்றார்கள். 1991-இல் வில்லியம் சஃப்ரான் தாயக நினைவையும் திரும்பும் ஆசையையும் இலக்கணமாக வைத்தார். 1997-இல் ராபின் கோகன் பாதிக்கப்பட்டோர், உழைப்பாளர், வணிகர் என்று வகை பிரித்தார். 2005-இல் ராஜர்ஸ் புரூபேக்கர், இந்தச் சொல்லே எல்லாப் பக்கமும் சிதறிவிட்டது, எல்லோரும் டயஸ்போரா என்றால் யாருமே டயஸ்போரா இல்லை என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கை நியாயமானது என்றே நினைக்கிறேன்.

சரி, தமிழுக்கு வருவோம். ‘புலம்பெயர்’ அண்மையில் செய்த சொல் என்று பலர் நினைக்கிறார்கள். அது பட்டினப்பாலையிலேயே இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் கடியலூர் உருத்திரங்கண்ணனார், ‘மொழிபல பெருகிய பழிதீர் தேஎத்துப் புலம்பெயர் மாக்கள் கலந்தினிது உறையும்’ ஊர் என்கிறார். பல மொழி பேசும் தேசங்களிலிருந்து தங்கள் நிலத்தை விட்டு வந்தவர்கள் ஒன்றுகலந்து இனிதாக வாழும் நகரம். இதில் இரண்டைக் கவனிக்க வேண்டும். புலம்பெயர்ந்து வந்தவர்கள் இங்கே தமிழர் அல்லர், தமிழகத்துக்கு வந்த அயலார். அப்புறம், இந்த வரியில் ஏக்கமோ திரும்பும் ஆசையோ இல்லை. ‘கலந்து’, ‘இனிது’ என்ற இரண்டு சொற்கள்தான் இருக்கின்றன. ஹால் சொன்ன கலப்புக்கு மிக அருகில் நிற்கும் வரி இது.

இதே சொல்லுக்கு இன்றைய கனத்தைத் தந்தவர்கள் ஈழத்தமிழர்கள். 1983 ஜூலைக்குப் பிறகு கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனவர்கள் தங்கள் நிலையைச் சொல்ல இதை எடுத்தார்கள். ‘அகதி’ என்பது அரசுத் தாளில் இருக்கும் பெயர். ‘புலம்பெயர் தமிழர்’ தாங்களே வைத்துக்கொண்ட பெயர். காலப்போக்கில் ‘புலம்’ தனியாகவே நிற்கத் தொடங்கியது. ‘தாயகத்திலும் புலத்திலும்’ என்று அவர்கள் எழுதும்போது புலம் என்பது போய்ச் சேர்ந்த நாடு. விட்டுவந்த நிலத்தைக் குறித்த சொல், வந்து சேர்ந்த நிலத்தைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. எந்த அகராதிக்குழுவும் கூடி முடிவுசெய்ததல்ல இது. அங்கேயே குழந்தை பெற்று, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, வேலைக்குப் போய் வந்த மக்களின் வாயில் நடந்தது.

இன்னொரு பக்கம், 2020 ஊரடங்கின்போது நெடுஞ்சாலைகளில் நடந்துபோன வடமாநிலத் தொழிலாளர்களை நாளிதழ்கள் ‘புலம்பெயர் தொழிலாளர்கள்’ என்று எழுதின. அந்தப் பயன்பாடு நிலைத்தும்விட்டது. வேலைக்காக வந்து ஊருக்குத் திரும்பிப் போகிறவரும், மூன்று தலைமுறையாகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாழ்கிறவரும் ஒரே சொல்லுக்குள் அடைபட்டார்கள். வேலைக்காக இடம் மாறுவதற்கு ‘இடம்பெயர்’, குடும்பத்தோடு போய்க் குடியமர்வதற்கு ‘குடிபெயர்’ என்று நல்ல சொற்கள் இருக்கின்றன. அவற்றை அந்தந்த வேலைக்கு விட்டுவிடலாம். ‘வந்தேறி’ என்பதை மட்டும் ‘குடியேறி’க்கு மாற்றாக எடுக்கவே கூடாது. அதில் வசை ஏறிவிட்டது. ஹாலின் பெற்றோர் பயந்த தொனி அதில் அப்படியே இருக்கிறது.

இப்போது ‘புலம்பெயர்ந்தோர்’ ஏன் போதாது என்று சொல்லிவிடுகிறேன். அது இறந்தகாலம். ஒருவர் பெயர்ந்தார், வேலை முடிந்தது. டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டத்துக்கென்று சென்னையிலிருந்து கிளம்பிய ‘ட்ரூரோ’ கப்பலில் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தவர்கள் பெயர்ந்தவர்கள்தான். அவர்களுடைய வழித்தோன்றல்கள் எங்கே பெயர்ந்தார்கள்? பிறந்த ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களையும் ‘பெயர்ந்தோர்’ என்றால், நீ இந்த மண்ணுக்கு உரியவன் அல்ல என்று நம் இலக்கணமே சொன்னதாகிவிடும்.

‘புலம்பெயர் சமூகம்’ என்று எழுதிப் பாருங்கள். அது வினைத்தொகை. பெயர்ந்த, பெயர்கின்ற, பெயரும் என்று மூன்று காலமும் அதற்குள் மறைந்து நிற்கின்றன. இருப்பது மட்டுமல்ல, ஆவதும்தான் என்று ஹால் பல பக்கங்களில் வாதாடிய ஒன்றைத் தமிழின் இந்தத் தொகை தன் அமைப்பிலேயே வைத்திருக்கிறது. தனியாளைச் சொல்லாமல் சமூகத்தைச் சொல்வதால், கப்பல் ஏறாத பேத்தியும் அதற்குள் வருகிறாள். டயஸ்போராவுக்கு நான் ‘புலம்பெயர் சமூகம்’ என்றே எழுதுகிறேன், காரணம் இதுதான். தமிழக அரசு பயன்படுத்தும் ‘அயலகத் தமிழர்’ என்பதும் நல்ல சொல்தான். ஆனால் அது இங்கே நின்று பார்ப்பவரின் சொல். அங்கே வாழ்பவருக்குத் தான் இருக்கும் இடம் அயல் அல்ல.

யார் நின்று பார்க்கிறார்கள் என்பது எவ்வளவு கனமான விஷயம் என்பதற்கு, பிரிட்டிஷ் காலத்தில் தமிழகத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழரைவிடச் சான்று வேண்டாம். 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்தில் இவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று முடிவானது. நுவரெலியாவிலும் பதுளையிலும் பிறந்து வளர்ந்தவர்கள் கப்பலேறி வந்து இறங்கியபோது அவர்களுக்கு அரசு வைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. ஒருநாளும் பார்த்திராத ஊருக்குத் ‘திரும்பினார்கள்’. நீலகிரியில் அவர்களுக்கு வேலை தரவென்றே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அமைந்தன. அக்கம்பக்கத்தார் கூப்பிட்டதோ ‘சிலோன்காரர்’ என்று. தாளில் தாயகத்தார், தெருவில் வெளிநாட்டார். இலங்கையில் தங்கியவர்களும் ‘இந்திய வம்சாவளித் தமிழர்’ என்ற அரசுப் பெயரோடு நிற்காமல், தாங்கள் உழைத்து உருவாக்கிய மலையைப் பெயரிலேயே வைத்து ‘மலையகத் தமிழர்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். பெயரில் திசை மாறியிருப்பதைப் பாருங்கள். எங்கிருந்து வந்தோம் என்பது போய், எங்கே இருக்கிறோம் என்பது வந்திருக்கிறது.

ஆப்பிரிக்க டயஸ்போராவைத் தமிழில் எழுதும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. ‘பெயர்’ தன்வினை. தானாகக் கிளம்பிப் போனதுபோல ஒலிக்கும். சங்கிலியிட்டுக் கொண்டுபோனவர்களை ‘புலம்பெயர்ந்த ஆப்பிரிக்கர்’ என்று எழுதினால் அந்த வன்முறை வாக்கியத்திலிருந்தே காணாமல் போய்விடுகிறது. தமிழில் ‘பெயர்த்தல்’ என்ற பிறவினை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கப்பலில் ஏற்றப்பட்ட தலைமுறையைப் ‘புலம்பெயர்க்கப்பட்ட ஆப்பிரிக்கர்’ என்றும், கிங்ஸ்டனிலும் லண்டனிலும் பிறந்து வளர்ந்த ஹால் போன்றவர்களின் தலைமுறைகளை ‘ஆப்பிரிக்கப் புலம்பெயர் சமூகம்’ என்றும் எழுதலாம். ஒரு பத்தியில் இரண்டு தலைமுறைகளும் வந்தால் இரண்டு சொற்களையும் தயங்காமல் அடுத்தடுத்துப் போடலாம்.