செத்த ஆஷ் மரம் காய்ந்த விறகல்ல

கனடாவின் ஒன்டாரியோவில் கொல்லைப்புறத்து ஆஷ் (ash) மரத்தை ஆள் வைத்துச் சாய்க்கிறவர்களில் பலர், "கட்டையை ஏற்றிக்கொண்டு போகவேண்டாம், இங்கேயே போட்டுவிட்டுப் போங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். நல்ல யோசனைதான். ஏற்றுகூலி மிச்சம், ஆஷ் விறகு நேராகப் பிளக்கும், நின்று எரியும். ஆனால் கூடவே இன்னொரு நினைப்பும் வந்துவிடுகிறது: "மரம்தான் இரண்டு வருஷமாகப் பட்டுப்போய் நிற்கிறதே, காய்ந்துதானே இருக்கும்?" அறுக்கும்போது நடக்கிற தப்புகளுக்கும், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் விறகடுப்பின் கண்ணாடி கருத்துப்போவதற்கும் இந்த நினைப்பே முக்கியக் காரணம்.

மரம் ஏன் செத்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். எமரால்ட் ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு வடகிழக்கு ஆசியாவைச் சேர்ந்தது. 2002-இல் மிச்சிகனின் டெட்ராய்ட் வட்டாரத்திலும் ஆற்றுக்கு இந்தப் பக்கம் வின்ட்சரிலும் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழு பட்டைக்கு அடியில் இருக்கும் மெல்லிய படலத்தைத்தான் தின்கிறது. தளர்ந்த பட்டையை உரித்துப் பாருங்கள்: மரத்தூள் அடைத்த குடைவழிகள் பாம்பு போல வளைந்து வளைந்து ஓடும். பட்டையின் வெளிப்புறத்தில் 3, 4 மில்லிமீட்டர் அளவில் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் வளைவாகவும் உள்ள ஓட்டைகள் வண்டு வெளியேறிய வழி. உள்மரத்துக்குள் புழு ஆழமாகப் போவதில்லை, ஆகவே விறகின் தரம் குறைவதில்லை. பிரிட்டனில் ஆஷைக் கொல்வது வேறொன்று, 2012-இல் அங்கே உறுதி செய்யப்பட்ட பூஞ்சை நோய். நோயில் நலிந்த மரத்தின் அடித்தண்டை வேறு பூஞ்சைகளும் அழுகவைப்பதுண்டு. அப்படி மெத்தென்று ஆகிவிட்ட பகுதியை விறகுக்கு எடுக்காமல் ஒதுக்கிவிடலாம்.

செத்த மரம் ஒரே சீராகக் காய்வதில்லை. பட்டை உதிர்ந்த மேல்கிளைகள் உலர்ந்து, தொட்டால் முறியும் அளவுக்கு நொறுங்கலாகிவிடும். அடித்தண்டிலோ பட்டை இறுகக் கவ்வியிருக்கும். மரத்துக்குள் இருக்கும் நீர் முக்கியமாக அறுத்த முகத்தின் வழியாகத்தான் வெளியேறும் என்பதால், நின்றபடி செத்த தண்டு வருடக்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். ஒரே மரம், மேலே சுள்ளி, கீழே பச்சைக் கட்டை. இந்த நொறுங்கும் தன்மையால்தான் செத்த ஆஷை நின்ற நிலையில் வெட்டுவது தொழில் தெரிந்தவர்களுக்கே ஆபத்தான வேலை. செயின்சா என்ற சங்கிலி ரம்பத்தின் அதிர்வுக்கே மேல்கிளை முறிந்து தலையில் விழலாம், சாய்ந்த தண்டு பாதியில் நெடுக்காகப் பிளந்து பின்னுக்கு உதைக்கலாம். சாய்ப்பதை அவர்களிடம் விடுங்கள். இனி சொல்வது தரையில் கிடக்கும் மரத்தைப் பற்றி மட்டும்.

தரையில் கிடப்பதாலேயே அது அடங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. ரம்பத்தை எடுக்கும் முன் தண்டு எங்கெங்கே தாங்கி நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு முனையும் மேட்டில் இருந்து நடு தொங்கினால், மேல்பக்கம் நெருக்கப்பட்டும் அடிப்பக்கம் இழுபட்டும் இருக்கும். மேலிருந்தே அறுத்துக்கொண்டு போனால் வெட்டு வாயை மூடிக்கொண்டு ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். இதற்கு முதலில் மேலிருந்து விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு, பிறகு அதே கோட்டில் கீழிருந்து மீதி. ஒரு முனை மட்டும் தாங்கி மறுமுனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் எல்லாம் தலைகீழ்: முதலில் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து. நெருக்கப்பட்ட பக்கம் முதலில், இழுபட்ட பக்கம் பிறகு என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். சந்தேகம் இருந்தால் வெட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் ஆப்பைத் தட்டிவையுங்கள். இரும்பு ஆப்பு வேண்டாம், செயின் பட்டால் பல் போகும்.

கிளைகளைக் கழிக்கும்போது தண்டுக்கு ஒரு பக்கம் நீங்கள், மறுபக்கம் கிளை என்று நில்லுங்கள். அடியில் முட்டுக்கொடுத்துத் தண்டைத் தூக்கிப்பிடித்திருக்கும் கிளைகளைக் கடைசியாகத்தான் தொட வேண்டும், எடுத்தவுடன் தண்டு உருளும். சரிவில் என்றால் எப்போதும் மேட்டுப் பக்கம். விழுந்த மரத்தின் அடியில் சிக்கி வில்லாக வளைந்திருக்கும் இளமரத்தை நேராக அறுத்தால் முகத்தில் அடிக்கும். காற்றில் வேரோடு சாய்ந்த மரத்தில், தண்டை அறுத்த கணத்தில் வேர்ப்பாளம் குழிக்குள் திரும்பி விழக்கூடும். இவை இரண்டையும் வீட்டுக்காரர் தொடக்கூடாது.

உடம்பில் என்ன இருக்க வேண்டும் என்பதில் பேரம் கிடையாது: செயின்சாவுக்கென்றே செய்த காப்புக் கால்சட்டை, முகத்திரையும் காதடைப்பும் உள்ள தலைக்கவசம், இரும்பு முனை வைத்த பூட்ஸ், கையுறை. சாதாரண ஜீன்ஸ் காப்பாகாது. காப்புக் கால்சட்டைக்குள் இருக்கும் நீள இழைகள் செயினில் சுற்றி ஓட்டத்தை நிறுத்துவதுதான் அதன் வேலையே. ரம்பத்தைத் தரையில் வைத்து, செயின் பிரேக்கைப் போட்டு, பின்பிடியில் காலை ஊன்றி ஸ்டார்ட் செய்யுங்கள். கையில் தொங்கவிட்டு இழுப்பது பார்க்கத்தான் அழகு. செயின் சுற்றி ஓடும் நீளத் தகடான பாரின் நுனியில் மேல் கால்பாகம் எதன்மீதும் படக்கூடாது, பட்டால் ரம்பம் நெற்றியை நோக்கித் துள்ளும். அடுக்கிக் கிடக்கும் கட்டைகளுக்கு நடுவே அறுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத அந்தப் பக்கத்துக் கட்டையில் நுனி படுவதால்தான் இது பெரும்பாலும் நடக்கிறது.

துண்டின் நீளம் உங்கள் அடுப்பைப் பொறுத்தது. அடுப்பின் உள்நீளத்தைவிட 5 முதல் 8 சென்டிமீட்டர் குறைவாக இருக்கட்டும். வட அமெரிக்காவில் 16 அங்குலம், அதாவது 40 சென்டிமீட்டர்தான் வழக்கம். அளவுக்கோல் வைத்துச் சாக்பீஸால் தண்டு முழுவதும் முதலிலேயே குறித்துவிடுங்கள். எல்லாக் குறியிலும் முக்கால் ஆழம் மட்டும் அறுத்து, கான்ட் ஹுக் என்ற கொக்கித் தடியால் தண்டைப் புரட்டி, மீதியை மேலிருந்து முடிப்பது நல்ல முறை. தண்டின் அடிவரை ஒரே மூச்சில் போகப் பார்த்தால் செயின் மண்ணைத் தொடும். ஒரு நொடி மண் போதும், பல் மழுங்கிவிடும். கூரான செயின் சீவல் சீவலாகத் தள்ளும். மாவு மாதிரி தூள் பறந்தாலோ, நீங்கள் அமுக்கினால்தான் அறுபடுகிறது என்றாலோ, நிறுத்தி அரம் போடுங்கள். பிட்ச் எனப்படும் கண்ணி அளவு 3/8 அங்குலமாக உள்ள செயினுக்கு 5.5 மில்லிமீட்டர் உருண்டை அரம், சிறிய வீட்டு ரம்பங்களில் வரும் தாழ்வகை 3/8 செயினுக்கு 4 மில்லிமீட்டர், .325 செயினுக்கு 4.8. மழுங்கிய செயினோடு மல்லுக்கட்டுபவர் சீக்கிரம் களைத்துவிடுவார், களைத்த கையில் செயின்சா இருக்கக் கூடாது.

ஒரு கணக்கு. சராசரி 40 சென்டிமீட்டர் விட்டமும் 6 மீட்டர் நீளமும் உள்ள தண்டிலிருந்து 15 உருளைகள் வரும். ஈரமான உருளை ஒவ்வொன்றும் 40 கிலோ அளவு, இடுப்புப் பிடித்துக்கொள்ள அது போதும். உருட்டுங்கள், தூக்காதீர்கள். பிளந்து அடுக்கினால் ஏறக்குறைய ஒரு ஃபேஸ் கார்ட் தேறும், அதாவது 4 அடி உயரம், 8 அடி நீளம், 16 அங்குல ஆழம். மூன்று ஃபேஸ் கார்ட் சேர்ந்தால்தான் ஒன்டாரியோக்காரர்கள் புஷ் கார்ட் என்று சொல்லும் முழுக் கார்ட்.

பிளப்பதில்தான் ஆஷின் அருமை தெரியும். நார் நேராக ஓடுவதால் கணு இல்லாத உருளை இரண்டு வீச்சில் வாய் திறக்கும். பனி உறைந்த ஜனவரிக் காலையில் இன்னும் எளிது. 6 முதல் 8 பவுண்டு எடையுள்ள மால் போதும், அதாவது ஆப்பு போலத் தடித்த தலையுள்ள கனத்த கோடாரி. மெல்லிய தலையுள்ள வெட்டுக் கோடாரி உள்ளே இறங்கிச் சிக்கிக்கொள்ளும். அடிக்கட்டை 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் வேண்டாம். உருளையின் முகத்தைக் குனிந்து பாருங்கள்: நடுவிலிருந்து விளிம்புக்கு முடிமுடியாக விரிசல்கள் ஓடும். அதில் பெரியதைத் தேர்ந்து, அது உங்களை நோக்கி வரும்படி உருளையைத் திருப்பி, உங்கள் பக்கத்து விளிம்பை ஒட்டி அந்தக் கோட்டிலேயே போடுங்கள். அந்தப்பக்க விளிம்பைக் குறிவைத்தால் சற்றுத் தவறினாலும் பிடி மரத்தில் மோதி உடையும். தலை இறங்கும் கடைசி நொடியில் முழங்காலை மடக்குங்கள். குறி தவறினாலும் மால் காலுக்குப் போகாமல் அடிக்கட்டையிலோ தரையிலோ பாயும்.

45 சென்டிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள உருளையை நடுவில் அடித்து நேரத்தை வீணாக்காதீர்கள். விளிம்பிலிருந்து பலகை பலகையாகச் சுற்றிக் கழற்றிக்கொண்டே வந்தால் நடுக்கட்டை தானாகச் சிறுத்துவிடும். உருளையைச் சுற்றி ஒரு பழைய கார் டயரை மாட்டிவிட்டால் துண்டுகள் சிதறாமல் நிற்கும், ஒவ்வொரு அடிக்கும் குனிந்து எடுத்துவைக்கும் வேலை மிச்சம். கவைக்கட்டையில் நார் பின்னிக் கிடக்கும், ஆஷ் என்றாலும் அது பிளக்காது. அதற்கு இரும்பு ஆப்பும் சம்மட்டியும் வேண்டும், அல்லது வாடகைக்கு ஹைட்ராலிக் பிளப்பான். அடி வாங்கி வாங்கித் தலை காளான்போல் விரிந்த ஆப்பிலிருந்து இரும்புச் சில்லு துப்பாக்கிக் குண்டு வேகத்தில் பறக்கும். விளிம்பை அரைத்துச் சமன் செய்யாமல் அடிக்காதீர்கள். ஹைட்ராலிக் பிளப்பானில் கட்டையை வைப்பவரும் நெம்புகோலை இயக்குபவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். விரல் போன விபத்துகளின் பின்னால் பெரும்பாலும் "உதவிக்கு" நின்ற இன்னொருவர் இருப்பார்.

பச்சை ஆஷும் எரியும் என்பது இங்கிலாந்தின் பழைய நம்பிக்கை. அதில் பாதி உண்மை இருக்கிறது. வெட்டிய கணத்தில் வெள்ளை ஆஷில், உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டால், 45 சதவீதம் அளவுதான் நீர். செந்நிற ஓக்கில் 70, 80 வரை போகும். ஆனால் அடுப்புக்கு வேண்டியது 20-க்குக் கீழே. மேலே சொன்ன 6 மீட்டர்த் தண்டிலிருந்து இன்னும் ஏறக்குறைய 100 லிட்டர் தண்ணீர் வெளியேற வேண்டும் என்று பொருள். வெளியேறாவிட்டால் அது உங்கள் அடுப்பில் ஆவியாகி, தீயைக் குளிரவைத்து, புகைபோக்கியின் உட்சுவரில் கிரியோசோட் என்ற கருந்தாராகப் படியும். புகைபோக்கி தீப்பிடிப்பது அதனால்தான். 2021 மே முதல் இங்கிலாந்தில் 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று சட்டமே போட்டுவிட்டார்கள்.

8 முதல் 15 சென்டிமீட்டர் தடிமனுக்குப் பிளந்து, மண் படாமல் பேலட் என்ற மரச்சட்டத்தின் மேல், காற்றும் வெயிலும் குறுக்கே போகும்படி ஒற்றை வரிசையாக அடுக்குங்கள். கூரை மேலே மட்டும். தார்ப்பாயைத் தரைவரை இழுத்து மூடியவர்கள் வசந்தத்தில் பூஞ்சைதான் அறுவடை செய்வார்கள். ஏப்ரலுக்குள் பிளந்த ஆஷ் நல்ல கோடை கிடைத்தால் அந்த ஆண்டுக் குளிருக்கே தயாராகிவிடும், தடித்த துண்டுகளுக்கு ஒரு முழு வருடம் கொடுங்கள். வீட்டுச் சுவரோடு ஒட்டி அடுக்க வேண்டாம். உள்ளே ஓரிரு நாள் தேவைக்கு மேல் கொண்டுவரவும் வேண்டாம். கதகதப்பில் கட்டைக்குள் தூங்கிய வேறு வண்டுகள் பிப்ரவரியிலேயே ஹாலில் பறக்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் அவை பெரும்பாலும் வீட்டு மரச்சாமானை ஒன்றும் செய்யாது. விறகின்மேல் பூச்சிமருந்து மட்டும் அடித்துவிடாதீர்கள், எரிக்கும்போது அந்தப் புகையைச் சுவாசிப்பது நீங்கள்தான்.

மிச்ச விறகைக் கோடையில் காட்டேஜுக்கோ கேம்பிங்குக்கோ காரில் ஏற்றிப்போவது வேறு விஷயம். பட்டையோடு உள்ள கட்டையில் பச்சை வண்டின் புழு உயிரோடு இருக்கலாம், வெட்டிய பிறகும் அதிலிருந்து வண்டு வெளிவரும். இந்த வண்டு நெடுந்தூரம் பரவியதில் விறகுச் சுமைக்குப் பெரிய பங்கு உண்டு. இந்த வண்டுக்காக வகுத்த கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வெளியே அனுமதியில்லாமல் விறகைக் கொண்டுபோவதைக் கனடிய உணவு ஆய்வு முகமை தடைசெய்திருக்கிறது; எந்த மர விறகானாலும் இது பொருந்தும். போகிற இடத்திலேயே வாங்கி அங்கேயே எரியுங்கள்.

அக்டோபரில் ஈரப்பதமானியை எடுங்கள். அடுக்கின் நடுவிலிருந்து, அடித்தண்டில் வந்த தடித்த துண்டுகள் நான்கைந்தை எடுத்து, ஒருநாள் வீட்டுக்குள் வைத்து, மறுபடி பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தின் நடுவில், நார் போகும் திசையில் ஊசிகளைக் குத்துங்கள். வெளிமுகத்தில் குத்தினால் 14 காட்டும், உள்ளே 27 இருக்கும். குளிர்ந்த கட்டையில் குத்தினாலும் எண் குறைவாகவே காட்டும். 20-ஐத் தாண்டினால் அந்தத் துண்டுகளைத் தனி வரிசையாக ஒதுக்கி அடுத்த குளிர்காலத்துக்கு வைத்துவிட்டு, மேல்கிளைகளிலிருந்து வந்தவற்றை முதலில் எரியுங்கள், பற்றாக்குறைக்குச் சூளையில் உலர்த்திய விறகை வாங்கிக்கொள்ளுங்கள்.