பழைய பப்பின் சுவரில் சிமென்ட் வேண்டாம்

இங்கிலாந்தின் சாமர்செட்டில் நார்ட்டன் செயின்ட் பிலிப் என்றொரு சிற்றூர். அங்குள்ள ஜார்ஜ் இன், 14ஆம் நூற்றாண்டில் ஹின்டன் மடத்துத் துறவிகள் கம்பளிச் சந்தைக்கு வரும் வணிகர்களுக்காக எழுப்பிய சத்திரம். மேல்மாடிகளில் துணி மூட்டைகளை அடுக்கினார்கள். 1685 ஜூனில் மன்னர் இரண்டாம் ஜேம்ஸை எதிர்த்துக் கிளம்பிய மன்மத் கோமகன் தன் கலகப் படையோடு வந்து தங்கியதும் இங்கேதான். இன்றும் பப்பாக நடக்கிறது.

தரைத்தளம் கல். மேலே இரண்டு மாடிகளும் ஓக் மரச்சட்டம்; ஒவ்வொன்றும் கீழ்த்தளத்தைவிடத் தெருப்பக்கம் சற்றே துருத்தி நிற்கும். இந்த வகைக் கட்டடங்களில் ஓக்கைப் பச்சையாகவே அறுத்துப் பூட்டுவார்கள். கழுந்தில் (மற்ற மரத்தின் குழிக்குள் நுழையும் நாக்கு போன்ற முனையில்) உள்ள துளையைச் சில மில்லிமீட்டர் தள்ளிப் போட்டிருப்பதால், மர முளையை அடித்து இறக்கும்போது இணைப்பு தானாக இழுத்துக்கொண்டு இறுகும். ஆணியே தேவையில்லை. பிறகு மரம் காய்ந்து சுருங்குகையில், சட்டத்துக்கும் நடுவே உள்ள பூச்சுக்கும் இடையில் மயிரிழை விரிசல் விழும். அது இயல்பு.

அந்த விரிசலைச் சிமென்டால் அடைப்பதில்தான் வினை தொடங்குகிறது. மரம் அசையும், சிமென்ட் அசையாது. ஓரத்தில் மறுபடி பிளக்கும். மழைநீர் உள்ளே போகும், வெளியேற வழியிருக்காது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி அங்கேயே நின்றால் பூஞ்சை பிடிக்கும். முதலில் உளுத்துப்போவது பெரும்பாலும் அடிச்சட்டம்தான், ஏனென்றால் தண்ணீர் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது. கல் சுவரிலும் இதே கதை: சிமென்ட் பாயிண்டிங் (கற்களுக்கு இடையே உள்ள இணைப்புகளில் அடைத்த பூச்சு) அப்படியே இருக்கும், கல்லின் முகம் பொரிந்து உதிரும். இணைப்புகள் மட்டும் வரப்பு மாதிரி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

மாற்று, சுண்ணாம்புக் காரை. ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, கூர்மணல் (முனை மழுங்காத சொரசொர மணல்) மூன்று பங்கு. பழைய சிமென்டை உளியால் கையாலேயே எடுங்கள்; கிரைண்டர் கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். இணைப்பின் அகலத்தைப்போல் இரு மடங்கு ஆழம் சுரண்டி, தூசியைக் கழுவி, ஈரமாக்கிய பிறகே காரை வையுங்கள். மேலே ஈரச் சாக்கு தொங்கட்டும். வெயிலில் சடுதியாகக் காய்ந்தால் காரை பொடியாகிவிடும். குளிர் 5 டிகிரிக்குக் கீழே போகும் பருவத்தில் தொடவே வேண்டாம்.

வேலைக்கு முன் அனுமதி முக்கியம். பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடத்தின் தன்மையை அனுமதியின்றி மாற்றுவது இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

உத்தரத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டைகளைக் கண்டதும் மருந்தடிக்க ஓடாதீர்கள். அவை நூறாண்டுக்கு முன் மரம் துளைக்கும் வண்டு வெளியேறிப் போன வழியாகவும் இருக்கலாம். குளிர்காலத்தில் மெல்லிய தாளை அவற்றின்மேல் பசையால் ஒட்டிவிட்டு, ஜூன் கடைசியில் பாருங்கள். தாளில் புது ஓட்டை விழுந்திருந்தால்தான் வண்டு உள்ளே இருக்கிறது. அப்போதும் முதலில் தேட வேண்டியது ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை.